எல்மர் மாடலில் மாறிகளைத் தானாகத் தேர்ந்தெடுக்க நம்பகமான வழி உண்டா?

முயல்குட்டி:

22 விளக்க மாறிகளை வைத்துக்கொண்டு முழிக்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள். தரவு இதுதான்: 24 மருத்துவமனைகள், ஒவ்வொன்றிலும் 40 நோயாளிகள் வாக்கில், ஆளுக்கு ஐந்தாறு வருகைகள், ஒவ்வொரு வருகையிலும் ரத்த அழுத்தம். மொத்தம் 5000 வரிசைகளுக்குக் கொஞ்சம் மேலே. மாறிகளில் 7 மருத்துவமனையைச் சேர்ந்தவை (படுக்கை எண்ணிக்கை, செவிலியர் விகிதம் மாதிரி), மீதி எல்லாம் நோயாளியையோ வருகையையோ சேர்ந்தவை. மருந்தளவு என்ன செய்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

சாதாரண ரெக்ரஷன் என்றால் ஸ்டெப் (மாறிகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கும் ஃபங்ஷன்) போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். இங்கே ஆர் (R) மொழியின் எல்மர் ஃபங்ஷனில் பொருத்தும் மிக்ஸட் மாடல்: மருத்துவமனைக்கும் நோயாளிக்கும் ரேண்டம் எஃபெக்ட், அதாவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலகல், இருக்கிறது. எல்மர்டெஸ்ட் பேக்கேஜில் உள்ள ஸ்டெப்பைக் கொடுத்தேன், ஓடியது, ஆனால் மருந்தளவுக்கு வைத்திருந்த ரேண்டம் ஸ்லோப்பை (அதன் விளைவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறலாம் என்று விடுவது) முதல் வேலையாகத் தூக்கிவிட்டு கடைசியில் 6 மாறிகளை நீட்டியது. முமின் பேக்கேஜில் எல்லா மாறிக் கூட்டுகளையும் பொருத்திப் பார்க்கும் டிரெட்ஜ் போட்டேன், அது இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதை நம்புவது?

எச்சம்:

முதலில் அந்த டிரெட்ஜை நிறுத்துங்கள். 22 மாறிகள் என்றால் 2^22, அதாவது 41,94,304 மாடல்கள். ஒரு மாடலுக்கு ஒரு விநாடி என்று தாராளமாக வைத்தாலே 48 நாளுக்கு மேல் ஆகும். இதில் நோயாளி, மருத்துவமனை என்று இரண்டடுக்கு ரேண்டம் எஃபெக்ட் இருப்பதால் ஒரு விநாடியில் முடியும் என்றும் சொல்ல முடியாது. அப்படியே முடிந்தாலும், நாற்பது லட்சம் மாடல்களில் ஏஐசி (பொருத்தத்தையும் மாறி எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பெண்) குறைவானது எது என்று தேடினால் கிடைப்பது உண்மையா இந்தத் தரவின் தற்செயலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஃபங்ஷனின் உதவிப் பக்கமே இப்படிக் கணினியிடம் பொறுப்பை விடுவது மோசமான உத்தி என்று பயனரை எச்சரிக்கிறது. யாரும் படிப்பதில்லை, அது வேறு.

ஓட்டுவதற்கு முன்னால் விடுபட்ட மதிப்புகளை என்ன செய்தீர்கள்? டிரெட்ஜ் அதை நா-ஃபெயில் (மதிப்பு விடுபட்டிருந்தால் பிழை சொல்லி நில்) என்று அமைக்கச் சொல்லி அடம்பிடிக்கும், பலர் அதைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். ஒரு மாறியில் 300 மதிப்புகள் இல்லை என்றால் அது உள்ள மாடல் 300 வரிசை குறைந்த வேறொரு தரவில் பொருத்தப்படும், அப்புறம் அந்த ஏஐசியை மற்றதோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. அதனால்தான் அந்த அடம்.

இன்னொன்று, மாடலைப் பொருத்திய முறை ரெமலா எம்எல்லா? எல்மர் சொல்லாவிட்டால் ரெமலில்தான் பொருத்தும். ரெமல் என்பது ஃபிக்ஸட் எஃபெக்ட்களை (எல்லாருக்கும் பொதுவான விளைவுகளை) கழித்துவிட்டு மிச்சத்தின் மேல் போடும் லைக்லிஹுட் (மாடல் தரவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு); எம்எல் முழுத் தரவின் மேல் போடுவது. ஃபிக்ஸட் பகுதியில் ஒரு மாறியை மாற்றினால் கழிப்பதும் மாறும், மிச்சமும் மாறும், ஆக இரண்டு ரெமல் எண்களும் வெவ்வேறு தரவுகளின் எண்கள் மாதிரி ஆகிவிடும். ஃபிக்ஸட் மாறிகளை ஒப்பிடும்போது எம்எல், கடைசியில் எழுதப்போகும் மாடலுக்கு ரெமல். அனோவா ஃபங்ஷனில் இரண்டு மாடலைப் போட்டால் அதுவே எம்எல்லுக்கு மாற்றிப் பொருத்திக்கொள்ளும். நேரடியாக ஏஐசி எடுத்தால் அந்த உதவி கிடையாது, கொடுத்ததை அப்படியே எண்ணிச் சொல்லும்.

சாய்வுக்கோடு:

டிரெட்ஜ் போகட்டும், எனக்கு உறுத்துவது ஸ்டெப் அந்த ஸ்லோப்பைத் தூக்கியதுதான்.

எல்மர்டெஸ்ட் ஸ்டெப்பின் வரிசையே அப்படி. முதலில் ரேண்டம் பகுதியைக் கழிக்கப் பார்க்கும், அதற்கு எல்லை 0.1. அது முடிந்த பிறகு ஃபிக்ஸட் பகுதி, எல்லை 0.05. இவை வெறும் இயல்பு மதிப்புகள், உங்கள் ஆய்வைப் பார்த்து யாரும் வைத்ததில்லை. 24 மருத்துவமனைகளை வைத்துக்கொண்டு "மருந்தளவின் விளைவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுகிறதா" என்று கேட்டால் அந்தச் சோதனைக்கு வலு குறைவு. பி-மதிப்பு 0.2 வந்தால் மாறவில்லை என்று பொருளில்லை, தெரியவில்லை என்றுதான் பொருள். மெஷின் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு ஸ்லோப்பை வெட்டுகிறது. வெட்டியதும் மருந்தளவின் ஸ்டாண்டர்ட் எரர் (மதிப்பீட்டின் நிச்சயமின்மை) சுருங்குகிறது, பி-மதிப்பு அழகாகிறது, பயனரும் சந்தோஷமாகிவிடுகிறார். உண்மையில் சரிவு மாறிக்கொண்டிருந்தால் அந்த அழகு முழுக்கப் பொய்.

அந்தச் சோதனையும் சுத்தமில்லை. மாறுபாடு பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, நாம் சோதிப்பதோ சரியாகப் பூஜ்யத்தில், அதாவது எல்லைக்கோட்டின் மேலேயே. அதனால் வழக்கமான கை-வர்க்கப் (χ²) பரவல் பொருந்தாது. ஒரே ஒரு மாறுபாட்டைச் சோதித்தால் சரியான பரவல் 0 மற்றும் 1 டிகிரி கை-வர்க்கங்களின் சரிபாதிக் கலவை. ஸ்லோப்பையும் அதன் கோரிலேஷனையும் சேர்த்துச் சோதித்தால் 1, 2 டிகிரிகளின் கலவை. 1987-இல் செல்ஃபும் லியாங்கும் காட்டியது, 1994-இல் ஸ்ட்ராமும் லீயும் மிக்ஸட் மாடலுக்குக் கொண்டுவந்தது. கலவையைக் கணக்கில் எடுக்காவிட்டால் வரும் பி-மதிப்பு தேவையை விடப் பெரியது, அதாவது ஸ்லோப்பை வெட்டத் தயாராக இருக்கும் கத்தி இன்னும் கூர்மையாகிறது.

எத்தனை ஸ்லோப் வைப்பது என்பதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2013-இல் பார், லெவி, ஷீப்பர்ஸ், டிலி நால்வரும் சோதனை வடிவமைப்பு அனுமதிக்கும் எல்லா ஸ்லோப்பையும் வையுங்கள் என்றார்கள். 2015-இல் பேட்ஸ் கூட்டணி, தரவு தாங்காத மாடலை ஏன் சுமக்கிறீர்கள் என்று கேட்டது. 2017-இல் மதுஷெக் குழு, எல்லாவற்றையும் வைத்தால் வலு போகிறது என்று காட்டியது. பில்ட்மர் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது, கன்வெர்ஜ் ஆகும் (கணக்கு ஒரு முடிவுக்கு வரும்) அளவுக்குப் பெரிய மாடலைத் தேடிப் பிடித்து அங்கிருந்து கழித்துக்கொண்டே வரும். வசதிதான். ஆனால் கழிக்கும் படியில், வலு குறைந்த சோதனையை நம்பி வெட்டும் ஆபத்து அதற்கும் உண்டு.

என் கருத்து: உங்கள் முக்கியக் கேள்வி எந்த மாறியைப் பற்றியதோ அதன் ஸ்லோப்பை எந்த மெஷினும் தொடக் கூடாது. மருத்துவமனை இன்டர்செப்ட், நோயாளி இன்டர்செப்ட் (ஒவ்வொன்றின் அடிப்படை அளவு) இரண்டையும் அப்படியே. அவை தரவு எடுத்த விதத்தால் வந்தவை, பி-மதிப்பைப் பார்த்து முடிவு செய்யும் சமாச்சாரம் இல்லை.

முயல்குட்டி:

சரி, ரேண்டம் பகுதியைத் தொடவில்லை. ஃபிக்ஸட் பகுதியை மட்டும் ஏஐசி மாதிரியான பிஐசி வைத்துக் குறைக்கலாமா? 5000 வரிசை இருக்கிறதே, 22 மாறி ஒன்றும் அதிகமில்லை என்று நினைத்தேன்.

பரவல்_பித்தன்:

5000 இல்லை சார். இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். படுக்கை எண்ணிக்கை ஒரு மருத்துவமனைக்குள் எல்லா வரிசையிலும் ஒரே எண். அதைப் பற்றி உங்களிடம் இருக்கும் தகவல் 24 புள்ளிகள், அவ்வளவுதான். 24 புள்ளிகளுக்கு 7 மாறிகள் என்பதைச் சாதாரண ரெக்ரஷனில் யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். இங்கே 5000 என்ற எண்ணுக்குப் பின்னால் அது ஒளிந்துகொள்கிறது. நோயாளியின் வயது, பாலினம் மாதிரிக்கு 960 வாக்கில். வருகைதோறும் மாறுவதற்குத்தான் 5000-ஐ நெருங்கும், அதுவும் முழுசாக இல்லை.

பிஐசி ஒரு மாறிக்குப் போடும் அபராதம் அந்த எண்ணின் இயற்கை மடக்கை. 5000 என்றால் 8.5, 24 என்றால் 3.2. எந்த எண்ணைப் போடுவது? ஆரில் பிஐசி கேட்டால் அது வரிசைகளை எண்ணி 8.5 போடும், எல்லா மாறிக்கும் ஒரே மாதிரி, மருத்துவமனை மாறிக்கும் வருகை மாறிக்கும் வித்தியாசம் பார்க்காது. அதனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லவே முடியாத ஒரு தேர்வு உங்களுக்குக் கிடைக்கும்.

ஏஐசி மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. மிக்ஸட் மாடலில் இரண்டு ஏஐசி உண்டு. ரேண்டம் எஃபெக்ட்களைத் தொகையிட்டு வெளியேற்றியது மார்ஜினல். அவற்றை உள்ளே வைத்து, எத்தனை சுதந்திரப் பாகைகளைச் செலவழித்தார்கள் என்று எண்ணுவது கண்டிஷனல், 2005-இல் வைடாவும் பிளான்சர்டும் சொன்னது. புதிய மருத்துவமனைகளைப் பற்றிப் பேச மார்ஜினல், இதே 24 மருத்துவமனைகளுக்குக் கணிக்கக் கண்டிஷனல். 2010-இல் கிரெவனும் நைபும் இரண்டையுமே குடைந்து பார்த்தார்கள்: மார்ஜினல் ஏஐசி ரேண்டம் எஃபெக்ட் இல்லாத சின்ன மாடல் பக்கம் சாய்கிறது, மாறுபாட்டையே மதிப்பிட்டிருக்கிறோம் என்பதைக் கணக்கில் எடுக்காத கண்டிஷனல் ஏஐசி எதிர்ப்பக்கம் சாய்ந்து எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடுகிறது. திருத்தியதைக் கணக்கிட சிஏஐசி4 பேக்கேஜ் இருக்கிறது. ஆனால் "ஏஐசி குறைந்தது, அதனால் எடுத்தேன்" என்று எழுதுபவர்களில் எந்த ஏஐசி என்று சொல்பவர் அபூர்வம்.

களத்துமேடு:

எல்லாரும் ஒரே பாட்டுப் பாடுகிறீர்கள். நான் கணிப்பு வேலை பார்க்கிறவன். என்னிடம் 300 மாறிகள் வரும், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து யோசிக்க எனக்கு ஆள் கிடையாது. மெஷின்தான் தேர்ந்தெடுக்கும், புதிய தரவில் பிழை குறைகிறதா என்று பார்ப்பேன், குறைந்தால் போதும். பி-மதிப்பு எனக்கு எதற்கு? ஸ்டெப்வைஸ் மோசம் என்றால் லாசோ (அபராதம் போட்டுக் கோஎஃபிஷன்ட்களைச் சுருக்கி, சிலவற்றைப் பூஜ்யமாக்கும் முறை) இருக்கிறது. வழக்கமான லாசோ பேக்கேஜ் ஜிஎல்எம்நெட்டுக்கு ரேண்டம் எஃபெக்ட் தெரியாதுதான், ஆனால் 2011-இலேயே ஷெல்டார்ஃபர், புல்மான், வான் டி கியர் மூவரும் மிக்ஸட் மாடலுக்கு லாசோ எழுதிவிட்டார்கள், அப்புறம் க்ரோல், டுட்ஸ் இருவரின் ஜிஎல்எம்எம்லாசோ வந்தது. அதைப் போடுங்கள், வேலை முடிந்தது.

எச்சம்:

கணிப்பு என்றால் நீங்கள் சொல்வது சரி, எனக்கு எதிர்ப்பில்லை. ஸ்டெப்பை விட லாசோ மேல், ஏனென்றால் அது தேர்ந்தெடுப்பதோடு நிற்காமல் சுருக்கவும் செய்கிறது. ஸ்டெப் தேர்ந்தெடுத்த மாறியின் கோஎஃபிஷன்ட் இயல்பாகவே ஊதிப்போயிருக்கும்: பெரிதாகத் தெரிந்ததால்தானே உள்ளே வந்தது. ஆனால் "வேலை முடிந்தது" என்பது அவசரம்.

ஜிஎல்எம்எம்லாசோ லாம்டாவை, அதாவது அபராதத்தின் அளவை, தானாகத் தேர்ந்தெடுக்காது, நீங்கள்தான் ஒரு வரிசை கொடுத்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதை கிராஸ் வேலிடேஷனில் தேர்ந்தெடுத்தால் தரவை எப்படிப் பங்கு பிரிக்கிறீர்கள்? வரிசைகளைக் குலுக்கிப் பத்தாகப் பிரித்தால் ஒரே நோயாளியின் மூன்றாவது வருகை பயிற்சியிலும் நான்காவது வருகை சோதனையிலும் வரும். அந்த ஆளை மாடலுக்கு ஏற்கனவே தெரியும், பிழை குறைவாகத்தான் வரும், அது ஒன்றும் சாதனையில்லை. புதிய மருத்துவமனைக்குக் கணிக்க வேண்டும் என்றால் முழு மருத்துவமனையாக வெளியே எடுங்கள், கணிக்கும்போது ரேண்டம் பகுதியைச் சேர்க்காதீர்கள். இதே மருத்துவமனையில் புதிய நோயாளி என்றால் நோயாளியாக எடுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் லாசோ வெவ்வேறு மாறிகளைக் கொடுப்பது சகஜம், அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

மாறிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தீர்களா என்றும் பாருங்கள். படுக்கை எண்ணிக்கை நூற்றுக்கணக்கில், செவிலியர் விகிதம் 0.2, 0.3 என்று இருந்தால் அபராதம் இரண்டின் மேலும் சமமாக விழாது.

களத்துமேடு:

வரிசையைக் குலுக்குவது தப்பு என்பது தெரியும் ஐயா, பிள்ளைப் பாடம் எடுக்காதீர்கள். ஆனால் இரண்டு கேள்விக்கும் இரண்டு பட்டியல் என்பது நல்ல குறிப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நெல்லிக்கனி:

ஒரு சோதனை சொல்கிறேன், யாரையும் நம்ப வேண்டாம், உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஃப்ரீட்மன் 1983-இல் செய்தது: 100 வரிசை, 50 விளக்க மாறிகள், எல்லாம் வெறும் இரைச்சல். முதல் சுற்றில் 25% மட்டத்தில் தேறியவற்றை மட்டும் வைத்து மறுபடி பொருத்தினார். இரண்டாவது சுற்றில் பல மாறிகள் 5% மட்டத்தில் ஜம்மென்று நின்றன, முழுச் சமன்பாடும் மிக உறுதியானது போலத் தெரிந்தது. ஒன்றுமில்லாததிலிருந்து.

இதை எல்மரில் செய்வது எளிது. விளக்க மாறி எதுவும் இல்லாமல் ரேண்டம் எஃபெக்ட் மட்டும் வைத்து உங்கள் தரவில் பொருத்துங்கள். அந்த மாடலிலிருந்து சிமுலேட் ஃபங்ஷனில் பொய் ரத்த அழுத்தங்களை உருவாக்குங்கள். அதே 22 மாறிகளோடு அதே ஸ்டெப்பை ஓட்டுங்கள், இதைச் சில நூறு முறை. 22 மாறிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால், 5% எல்லையில் ஒன்றாவது தப்பித்து உள்ளே வர வாய்ப்பு 1 கழித்தல் 0.95^22, கிட்டத்தட்ட 68%. அது வெறும் தலைக்கணக்கு. உங்கள் தரவின் அமைப்பில் எத்தனை வருகிறது, எந்த வகை வருகிறது என்பதை சிமுலேஷன்தான் சொல்லும். உண்மைத் தரவில் மிஞ்சிய 6-ஐ அந்தப் பரவலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் பூட்ஸ்ட்ராப். மருத்துவமனைகளை மறுதேர்வு செய்யுங்கள், வரிசைகளை அல்ல. ஒவ்வொரு முறையும் தேர்வை முழுசாக ஓட்டி எந்த மாறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஹைன்ஸ், வாலிஷ், டங்க்லர் 2018 கட்டுரை இந்தச் சேர்க்கை விகிதத்தைக் கண்டிப்பாகக் காட்டச் சொல்கிறது. ஒரு மாறி பாதி ஓட்டங்களில் வந்து பாதியில் காணாமல் போனால் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கும்.

முயல்குட்டி:

சிமுலேட் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான ஓட்டங்களில் ஏதாவது ஒன்று மிஞ்சத்தான் செய்கிறது, மருத்துவமனை மாறிகள்தான் அடிக்கடி. பயமாக இருக்கிறது.

பேயீசிய முறையில் ஹார்ஸ்ஷூ பிரையர், ப்ராஜ்ப்ரெட் பேக்கேஜ் என்று இன்னொரு இடத்தில் படித்தேன், அது இதையெல்லாம் தீர்க்குமா?

பரவல்_பித்தன்:

பாதி தீர்க்கும். ஹார்ஸ்ஷூ சின்ன கோஎஃபிஷன்ட்களைப் பூஜ்யத்தை நோக்கி அழுத்தி, பெரியவற்றை விட்டுவைக்கும், ரேண்டம் எஃபெக்ட்டோடு சேர்த்து ஒரே மாடலில் ஓடும். ப்ராஜ்ப்ரெட்டின் போக்கு எனக்குப் பிடிக்கும்: எல்லா மாறியும் உள்ள முழு மாடலை முதலில் கட்டி, அதன் கணிப்பை எவ்வளவு சின்ன மாடலால் கிட்டத்தட்ட அப்படியே தர முடியும் என்று பிறகு தேடும். ஆனால் அது கணிப்புக்கான கருவி. உங்கள் கேள்வி கணிப்பு இல்லையே.

சாய்வுக்கோடு:

அதேதான். "மருந்தளவு என்ன செய்கிறது" என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். அது காரண காரியக் கேள்வி. அதற்கு மாறி தேர்ந்தெடுக்கும் எந்த மெஷினும் உதவாது, ஏனென்றால் எது காரணம் எது விளைவு என்று தரவுக்குள் எழுதியிருக்காது.

மருந்து கொடுத்த பிறகு அளந்த ஏதாவது ரத்தப் பரிசோதனை அந்த 22-க்குள் இருக்கிறதா? இருந்தால் ஸ்டெப், லாசோ, ஹார்ஸ்ஷூ மூன்றும் அதை ஆசையோடு பிடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தத்தை நன்றாகக் கணிக்கும் என்பதால். ஆனால் மருந்து அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது என்றால், அதை உள்ளே வைத்ததும் மருந்தின் விளைவு காணாமல் போகும். மறுபக்கம், மருந்தளவோடு பலமாகவும் ரத்த அழுத்தத்தோடு மிதமாகவும் தொடர்புள்ள ஒரு குழப்பக் காரணியின் பி-மதிப்பு 0.08 வந்தால் மெஷின் வெட்டிவிடும், வெட்டினால் மருந்தளவின் எண் சாயும்.

இதை விடப் பெரிய விஷயம் ஒன்று. மருந்தளவு வருகைக்கு வருகை மாறுகிறதா? மருத்துவர் போன வருகையின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துத்தானே இந்த வருகையில் கூட்டுகிறார்? அப்படியானால் அழுத்தம் அதிகமானவருக்கு மருந்து அதிகம், மாடலில் மருந்து அழுத்தத்தை ஏற்றுவது போலக்கூட வரும். நோயாளி இன்டர்செப்ட் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், முழுசாக இல்லை. 22-இல் எந்த 6-ஐ எடுத்தாலும் இது சரியாகாது.

குறைந்தபட்சம் மருந்தளவை இரண்டாகப் பிரியுங்கள்: நோயாளியின் சராசரி ஒரு மாறி, அந்தச் சராசரியிலிருந்து இந்த வருகையின் விலகல் இன்னொரு மாறி. 1978-இல் முண்ட்லாக் சொன்ன வழி. ஆட்களுக்கு இடையிலான வித்தியாசமும் ஒரே ஆளுக்குள் நடக்கும் மாற்றமும் தனித்தனியாகத் தெரியும். இரண்டின் குறியும் எதிரெதிராக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

முயல்குட்டி:

வருகைதோறும் மாறுகிறது, மருத்துவர் பார்த்துத்தான் மாற்றுகிறார். பொட்டாசியம் அளவும் பட்டியலில் இருந்தது, மருந்துக்கு அப்புறம் எடுத்தது. ஸ்டெப் கொடுத்த 6-இல் அதுவும் ஒன்று!

எங்கள் குழு மருத்துவரோடு உட்கார்ந்து எது எதற்குக் காரணம் என்று அம்புக்குறி போட்டு வரைந்தோம். மருத்துவமனை மாறிகளில் 2 மட்டும் போதும் என்று ஆயிற்று, பொட்டாசியம் வெளியே, மருந்தளவைப் பிரித்தாயிற்று, முந்தைய வருகையின் அழுத்தத்தை என்ன செய்வது என்று தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தேர்வு எதுவும் ஓட்டப்போவதில்லை. இப்போது ஒரே பிரச்சினை: மருந்தளவு விலகலுக்கு மருத்துவமனை வாரியாக ஸ்லோப் வைத்தால் சிங்குலர் ஃபிட் (ரேண்டம் பகுதியின் மதிப்பீடு எல்லையில் ஒட்டிக்கொண்டது) என்று எச்சரிக்கை வருகிறது.

எச்சம்:

முந்தைய அழுத்தத்தைச் சும்மா இன்னொரு விளக்க மாறியாக உள்ளே போட்டுவிடாதீர்கள், அது நோயாளி இன்டர்செப்ட்டோடு பின்னிக்கொள்ளும், சில வருகைகளே உள்ள தரவில் சாய்வும் வரும். அதற்குத் தனி இழை போடுங்கள்.

சிங்குலர் விஷயம்: ரேண்டம் பகுதியின் மாறுபாடுகளைக் காட்டும் வார்கார் ஃபங்ஷனில் பாருங்கள். ஸ்லோப்பின் மாறுபாடு பூஜ்யமா, அல்லது மாறுபாடு இருந்தும் இன்டர்செப்ட்டோடு கோரிலேஷன் 1 அல்லது -1 என்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

முயல்குட்டி:

மாறுபாடு இருக்கிறது. கோரிலேஷன் -1.

எச்சம்:

அப்படியானால் ஸ்லோப்பை விடாதீர்கள், கோரிலேஷனை மட்டும் விடுங்கள். ஃபார்முலாவில் ஒற்றைக் கோட்டுக்குப் பதில் இரட்டைக் கோடு || போட்டால் இன்டர்செப்ட்டும் ஸ்லோப்பும் தனித்தனியாகும். வகை மாறிக்கு இந்த இரட்டைக் கோடு எதிர்பார்த்தபடி பிரிக்காது, உங்களுடையது எண் மாறி, அதனால் சிக்கலில்லை. ஒன்று மட்டும் கவனம்: கோரிலேஷனை எடுத்துவிட்டால் மாறியின் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாடலே மாறும். நீங்கள் விலகலை வைத்திருப்பதால் பூஜ்யம் அந்தந்த நோயாளியின் சராசரி, அது நியாயமான இடம்தான். ஓட்டிவிட்டு மருந்தளவின் ஸ்டாண்டர்ட் எரரை ஒற்றைக் கோட்டு மாடலோடு ஒப்பிட்டு இரண்டையும் இங்கே போடுங்கள்.